பூட்டின் கை: பல சாவிப் பெட்டகங்களும் வாரிசுரிமையும்

1

குண்டலுபேட்டையில் எங்கள் தாத்தா வீட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி தாத்தாவிடமும் மற்றொன்றின் சாவி கூடலூரில் வாழ்ந்த அவருடைய தம்பியிடமும் இருந்தன. இருவரும் கூட்டாக வணிகம் செய்த காலத்து ஏற்பாடு அது. ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. சின்னத் தாத்தா மறைந்தபின் அவருடைய சாவி எங்கே போயிற்று என்பது யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மைசூரிலிருந்து பூட்டுக்காரர் ஒருவரை வரவழைத்து, இரு குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் பார்த்திருக்க, பூட்டை அறுத்துத் திறந்தார்கள். உள்ளே இருந்தவற்றைப் பட்டியலிட்டு எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பட்டியல் இன்றும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

சென்ற ஆண்டு பெரியப்பாவின் மகன், என் அண்ணன், எதிர்பாராமல் மறைந்தார். பெங்களூரில் மென்பொருள் துறையில் பணியாற்றியவர். தம் சேமிப்பில் ஒரு பகுதியைப் பிட்காயினாக வைத்திருந்தார். அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள்: மொத்தம் மூன்று சாவிகள், அவற்றுள் எவையேனும் இரண்டு சேர்ந்தால் திறக்கும். ஒரு சாவி வீட்டில். ஒன்று வெளிநாட்டில் வாழும் நண்பரிடம். மூன்றாவது என்னிடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்து, "தொலைக்காம வெச்சிரு, எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்றார். சொல்வதற்குள் போய்விட்டார். நானும் அதை விடுதி அறையில் பழைய குறிப்பேடுகளுக்கு அடியில் போட்டு மறந்திருந்தேன்.

அதன்பின் வந்த மாதங்களில் படித்தவற்றின் தொகுப்பே இப்பதிவு. இது தொழில்நுட்பக் கையேடு அன்று. என்னைத் துரத்திய கேள்வி வரலாறு சார்ந்தது: பல சாவிகளால் காக்கப்பட்ட செல்வம், சாவி ஏந்தியவர் இறந்த பிறகு, அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு சென்று சேர்ந்தது? சேராமல் போனபோது எது தவறியது?

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'சாவி' போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 'வாரிசு' அரபியிலிருந்து வந்தது. 'உயில்' ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம். செத்தவரின் பெட்டியைத் திறக்க இன்று நமக்குத் தேவைப்படும் மூன்று சொற்களும் கடல் கடந்தும் ஆட்சி மாறியும் வந்து சேர்ந்தவை. இவற்றுக்கு முன் தமிழில் திறவுகோலும் தாழும் இருந்தன. 'தாயம்' என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே அரசுரிமையைக் குறித்து வழங்கியது. தாயாதி என்று உறவினரைச் சுட்டும்போது அச்சொல்லையே இன்றும் நாம் ஆள்கிறோம்.

இவற்றோடு 'பங்கு' என்னும் சொல்லையும் சேர்க்க வேண்டும். பங்காளி என்பவர் பங்குக்கு உரியவர். இங்கே பங்கு என்பது மதிப்பின் கூறு. நான்கு ஏக்கரை இரு பங்காளிகள் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஏக்கர். ஒருவர் பங்கு மற்றவர் பங்கைச் சாராமல் தனித்து நிற்கும். கணினி மறையியலிலும் பங்கு என்றே மொழிபெயர்க்கிறோம். அங்கே பங்கு என்பது திறக்கும் ஆற்றலின் கூறு. தனித்து நின்றால் அதற்கு மதிப்பே இல்லை. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதில்தான், பல சாவி ஏற்பாடுகளில் குடும்பங்கள் இடறும் முதல் இடம் இருக்கிறது.

குண்டலுபேட்டையில் எங்கள் காதில் விழும் கன்னடச் சொல் இன்னும் பொருத்தமானது. கன்னடத்தில் சாவியைப் 'பீகத கை' என்பார்கள். பூட்டின் கை என்று பொருள். கைக்கு உடையவர் ஒருவர் உண்டு. அவர் இறந்தால் கையும் ஓயும். ஆகவே பூட்டை வடிவமைத்தவர்கள் எக்காலத்திலும் எதிர்கொண்ட சிக்கல், இந்தக் கையை எந்த உடலில் பொருத்துவது என்பதே. ஆளிடமா, பதவியிடமா?

3

இக்கேள்விக்குக் குண்டலுபேட்டை வரலாற்றிலேயே ஒரு தொடக்கம் உண்டு. 1673 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார், தம் தந்தையின் நினைவாகப் பரவாசுதேவர் கோயிலை இவ்வூரில் எழுப்பினார். அரசேறுவதற்கு முன் அவர் இவ்வட்டத்தைச் சேர்ந்த ஹங்களாவில் காவலில் வைக்கப்பட்டிருந்தார் என்பதை மைசூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆட்சியில் இருந்தவர் அவருடைய சிறிய தந்தை. தாயம் யாருக்கு என்ற ஐயம் எவ்வளவு காலம் நீடிக்கிறதோ, அவ்வளவு காலம் வாரிசு காவலில் இருக்க நேரும் என்பதற்கு அவருடைய இளமையே சான்று.

மன்னரான பின் அவர் பெயர் கருவூலத்தோடு இணைந்துவிட்டது. 'நவகோடி நாராயண' என்பது அவருக்கு வழங்கிய பட்டம். 1810இல் தம் தென்னிந்திய வரலாற்றின் முதல் தொகுதியை வெளியிட்ட மார்க் வில்க்ஸ் ஒரு வழக்கத்தைப் பதிவு செய்கிறார். காலை வழிபாடு முடிந்ததும் வராகன் நிறைந்த இரண்டு பைகளைக் கருவூலத்தில் இட்ட பிறகே மன்னர் உணவு கொள்வாராம். மாவட்டங்களிலிருந்து பணம் வரத் தாமதமானால் உணவும் தாமதமாகும். அரசரின் சிக்கனத்தைக் காட்டும் கதையாகவே இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. பொருள் உள்ளே போவதை நாள்தோறும் பலர் பார்க்கிறார்கள். பெட்டகத்தில் ஏதோ இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தியாகிறது. இன்னின்ன இடத்தில் இவ்வளவு இருக்கிறது என்ற பொது அறிவே, சாவிக்கு முன் கைமாற வேண்டிய முதல் சொத்து.

அவர் தந்தைக்காக எழுப்பிய கோயிலோ நெடுங்காலம் பராமரிப்பின்றிச் சிதைந்து கிடந்தது. கட்டியவரின் கை ஓய்ந்தபின், பேணும் பொறுப்பு எந்தப் பதவியோடும் உறுதியாகப் பிணைக்கப்படாத எதற்கும் இதுவே நேர்கிறது.

4

ஒரு பெட்டிக்குப் பல சாவிகள் என்னும் முறை உலகில் பழையது. 1199இன் இறுதியில், சிலுவைப் போருக்கு நிதி திரட்டும் பொருட்டு, ஒவ்வொரு தேவாலயத்திலும் மூன்று சாவிகள் கொண்ட பெட்டி வைக்குமாறு திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆணையிட்டார். ஒரு சாவி ஆயரிடம், ஒன்று பங்குத் தந்தையிடம், மற்றொன்று இறைப்பற்றுள்ள பொதுநிலையினர் ஒருவரிடம். பிரித்தானிய இந்தியாவின் கருவூலங்களில் இரட்டைப் பூட்டு முறை நிலைத்தது. காப்பறையின் ஒரு சாவி கருவூல அதிகாரியிடமும் மற்றொன்று பொருளாளரிடமும் இருக்கும். தமிழ்நாட்டுக் கோயில் உண்டியல்களில் நாம் காணும் பூட்டும் அரக்கு முத்திரையும் இதே மரபின் நீட்சி.

இவற்றுள் எதுவும் இறந்தவரின் சாவியைத் தேடி அலையும்படி அமைக்கப்படவில்லை. கருவூல அதிகாரி இறந்தால் அவர் மகனிடம் யாரும் சாவி கேட்பதில்லை. பொறுப்பேற்பவர் இருப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுச் சாவியைப் பெறுகிறார். மாற்றுச் சாவிகள் வேறோர் அலுவலகத்தில் முத்திரையிடப்பட்டு இருக்கும். சாவி ஆளிடம் இருப்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் பதவியிடமே இருக்கிறது.

இம்முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்று உறுப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது சாவி. இரண்டாவது பதிவேடு: எது உள்ளே இருக்கிறது, எந்தச் சாவி எந்தப் பொறுப்பில் இருக்கிறது என்ற எழுத்து. மூன்றாவது, இரண்டும் தவறினால் சான்றுகளின் முன் பூட்டை உடைக்கும் அதிகாரம். எங்கள் தாத்தாவின் பெட்டியில் முதலாவது தொலைந்தது. இரண்டாவது இல்லவே இல்லை. மூன்றாவதே குடும்பத்தைக் காப்பாற்றியது.

5

பதிவேடு தவறினால் என்ன ஆகும் என்பதை அண்மைக் காலத்தில் நாடே பார்த்தது. பூரி ஜகந்நாதர் கோயிலின் இரத்தின பண்டாரம் வெளி அறை, உள் அறை என இரு பகுதிகள் கொண்டது. வெளி அறைக்கான மூன்று சாவிகள் கஜபதி மன்னர், கோயில் நிர்வாகம், பண்டார மேகாப் எனப்படும் பரம்பரைச் சேவகர் ஆகிய மூவரிடம் பிரித்து வைக்கப்பட்டவை. அரச மரபு, அரசு, ஊழியக் குடி என மூன்று வேறு அதிகார மூலங்களிடம் சாவியைப் பிரித்த நுட்பமான ஏற்பாடு இது. உள் அறையின் சாவி மாவட்டக் கருவூலத்தின் பொறுப்பில் இருக்க வேண்டியது.

முழுமையான கணக்கெடுப்பு 1978இல் நடந்தது. 2018 ஏப்ரல் 4 அன்று ஆய்வுக்குச் சென்ற குழு உள் அறைக்குள் செல்லாமல் வெளியே நின்று பார்த்துத் திரும்பியது. பிறகுதான் சாவியைக் காணவில்லை என்ற செய்தி வெளிவந்தது. ஜூன் மாதம் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில், மாற்றுச் சாவிகள் என்று எழுதப்பட்ட ஓர் உறை கிடைத்தது. நீதிபதி இரகுவீர் தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 ஜூலை 14 அன்று உள் அறையைத் திறக்க முற்பட்டபோது அந்த மாற்றுச் சாவிகள் பொருந்தவில்லை. நடுவர் ஒருவரின் முன்னிலையில் பூட்டுகள் உடைக்கப்பட்டன.

இடைப்பட்ட ஆறாண்டுகளில் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது பற்றி எழுந்த ஐயங்களுக்கு அளவில்லை. அது தேர்தல் பேச்சாகவும் ஆயிற்று. திறக்க இயலாத பெட்டி நிறைந்த பெட்டியா, காலிப் பெட்டியா என்று வெளியில் நிற்பவரால் சொல்ல இயலாது. இச்செய்தியை நினைவில் கொள்ள வேண்டுகிறேன், மீண்டும் தேவைப்படும்.

திருவனந்தபுரத்தில் சிக்கல் வேறு வகையானது. அங்கே தொலைந்தது சாவி அன்று. சாவி ஏந்தும் தகுதி யாருடையது என்பதே வழக்காயிற்று. மார்த்தாண்ட வர்மர் 1750இல் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். அவர் வழிவந்த கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மர் 1991இல் மறைந்தார். அரசர் என்ற பதவி அரசியலமைப்பின் 26ஆம் திருத்தத்தால் 1971இலேயே மறைந்திருந்தது. அப்படியானால் கோயிலை நிர்வகிக்கும் உரிமை பதவியோடு முடிந்ததா, குடும்பத்தோடு தொடர்கிறதா? முடிந்தது என்ற பொருள்பட 2011 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊழிய உரிமை குடும்ப வழக்காற்றின்படி தொடர்கிறது என்று கூறிய அத்தீர்ப்பு, நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவின் பொறுப்பில் வைத்தது. உரிமை இரத்த வழியில். நிர்வாகம் பதவி வழியில். ஆளா பதவியா என்ற பழைய கேள்விக்கு இரண்டையும் தனித்தனியே பிரித்து விடை சொன்ன தீர்ப்பு என்றே அதைப் படிக்கிறேன். நம் காலத்து மின்னணுச் சொத்துக்கும் இப்பிரிவினை பயன்படும்.

6

1979 நவம்பரில் ஆடி ஷமீர் என்னும் கணித அறிஞர் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட புதிர் இது: 11 அறிவியலாளர்கள் ஓர் ஆவணத்தைப் பெட்டகத்தில் வைக்கிறார்கள். 6 பேரேனும் கூடினால் மட்டுமே திறக்க வேண்டும். இரும்புப் பூட்டுகளைக் கொண்டு இதைச் செய்ய 462 பூட்டுகளும் ஒவ்வொருவருக்கும் 252 சாவிகளும் தேவை. கருவூலங்கள் இரண்டு மூன்று பூட்டுகளோடு நின்றதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும். இரும்பால் "அனைவரும் வர வேண்டும்" என்று எளிதில் சொல்லலாம். "இவர்களுள் யாரேனும் இத்தனை பேர்" என்று சொல்வது கடினம். அனைவரும் வர வேண்டும் என்ற விதியில் ஒரே ஒரு சாவு போதும், பெட்டி மூடியே கிடக்க.

ஷமீரின் விடை பள்ளி வடிவியல் அறிந்த எவருக்கும் புரியும். வரைபடத்தாளில் ஒரு நேர்கோடு வரையுங்கள். அது நிலைக்குத்து அச்சை வெட்டும் இடம்தான் மறைபொருள். கோட்டின் மீது மூன்று புள்ளிகளைக் குறித்து மூவரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டை அழித்துவிடுங்கள். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் செல்லும் என்பதால் தனி ஒருவருக்கு எதுவும் தெரியாது. இருவர் சேர்ந்தால் கோடு ஒன்றே. மூவர் வேண்டுமெனில் நேர்கோட்டுக்குப் பதிலாக வளைகோடு. அதே ஆண்டில் ஜார்ஜ் பிளேக்லி என்பவரும் தனியே இதற்கு இணையான முறையைக் கண்டார்.

பிட்காயினில் பரவலான பல கையொப்ப முறை இதிலிருந்து சற்று வேறுபட்டது. அங்கே ஒரு மறைபொருளைத் துண்டாடுவதில்லை. மூவரிடமும் முழுமையான மூன்று வெவ்வேறு சாவிகள் இருக்கும். அவற்றுள் இரண்டின் கையொப்பம் இருந்தால் பணம் நகரும் என்பது விதி. ஒவ்வொரு சாவியையும் மனிதர் எழுதி வைக்கத்தக்க 12 அல்லது 24 சொற்களாக மாற்றும் முறை 2013இல் வகுக்கப்பட்டது. அதன் அடிப்படைப் பட்டியலில் 2048 ஆங்கிலச் சொற்கள் உள்ளன. 'அபாண்டன்' என்பதில் தொடங்கி 'ஜூ' என்பதில் முடியும் பட்டியல். முதல் நான்கு எழுத்துகளைக் கொண்டே எந்தச் சொல் என்று கண்டுகொள்ளும்படி தேர்ந்திருக்கிறார்கள். ஜப்பானியம், கொரியம், சீனம், ஸ்பானியம், பிரெஞ்சு எனச் சில மொழிகளுக்கும் பட்டியல் உண்டு. தமிழோ கன்னடமோ வேறெந்த இந்திய மொழியோ அவற்றில் இல்லை.

மொழியியல் மாணவருக்கு இது சுவையான செய்தி. குடும்பத்துக்கு அப்படி அன்று. அண்ணன் வீட்டில் இருந்த சாவி ஒரு கோடிட்ட தாள். அதில் தொடர்பற்ற 24 ஆங்கிலச் சொற்கள். அண்ணி பிறகு என்னிடம் சொன்னார்: "இது பாப்பா ஸ்கூல்ல எழுதுன ஸ்பெல்லிங்னுதான் நெனச்சேன். பழைய நோட்டுங்களோட எடைக்குப் போட இருந்தேன்." இரும்புச் சாவியைப் பார்த்த எவரும் அது சாவி என்று அறிவர். இச்சாவியோ சாவியின் உருவத்தில் இல்லை.

7

ஒற்றைச் சாவியின் ஆபத்துக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு இந்திய மண்ணில் நிகழ்ந்தது. குவாட்ரிகா என்னும் கனடா நாட்டு மறைநாணயச் சந்தையின் நிறுவனர் ஜெரால்டு காட்டன், 2018 டிசம்பர் 9 அன்று ஜெய்ப்பூரில் இறந்தார். வயது 30. இறப்பதற்கு 12 நாள்களுக்கு முன்புதான் உயில் எழுதியிருந்தார். வளர்ப்பு நாய்களின் பராமரிப்புக்கும் அதில் பணம் ஒதுக்கியிருந்தார். வாடிக்கையாளர் பணத்தைத் திறக்கும் வழி பற்றி எதுவும் இல்லை. ஏறத்தாழ 19 கோடி கனடா டாலர் மதிப்புள்ள நாணயங்கள் அவர் ஒருவருக்கே தெரிந்த சாவிகளின் பின்னால் அடைபட்டுள்ளதாக 2019 தொடக்கத்தில் நீதிமன்றத்தில் கூறப்பட்டது.

தணிக்கையாளர்கள் தேடிக் கண்டறிந்த பெட்டகங்களில் பெரும்பாலானவை அவர் இறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே காலியாகியிருந்தன. நிகழ்ந்தது மோசடி என்று ஒன்டாரியோ பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2020 ஜூனில் அறிக்கை தந்தது. 76,000 வாடிக்கையாளர்களுக்குச் சேர வேண்டிய தொகை 21.5 கோடி கனடா டாலர் என்று அது கணக்கிட்டது. பூரியில் சொன்னதை இங்கே நினைவுகூரலாம்: திறக்க இயலாத பெட்டிக்கும் காலிப் பெட்டிக்கும் வெளியிலிருந்து வேறுபாடு தெரியாது. சிக்கதேவராஜர் நாள்தோறும் பலர் அறிய இட்ட இரண்டு பைகளுக்கு நேரெதிரான நிலை இது.

8

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மறைநாணயம் சொத்தே என்றும், அதை ஒருவர் அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் பிறர்பொருட்டுப் பொறுப்பில் வைத்திருக்கவும் இயலும் என்றும் தீர்ப்பளித்தார். சொத்து எனில் அது வாரிசுகளைச் சேரும். இதில் ஐயமில்லை.

நியமனதாரர் வேறு, வாரிசு வேறு என்பதும் நெடுங்காலமாக நிலைபெற்ற கொள்கை. பங்குகள் தொடர்பான வழக்கொன்றில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. நியமனதாரர் பொருளைப் பெற்றுக்கொள்பவர். உரியவரிடம் அதைச் சேர்க்கும் கடமை உடையவர். சாவி ஏந்துபவரின் நிலையும் இதுவேயாக வேண்டும். என்னிடம் இருந்த உறை எனக்கு எந்தப் பங்கையும் தரவில்லை. கடமையை மட்டுமே தந்தது.

உயிலைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை அச்சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. மின்னணுக் கையொப்பமிட்ட கோப்பு இந்தியாவில் உயில் ஆகாது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, எழுதியவரின் கையொப்பமும் இரு சாட்சிகளின் சான்றொப்பமும் வேண்டும். மிகப் புதிய சொத்தைக் கைமாற்ற நம்மிடம் உள்ள கருவி இன்னும் தாளும் மையும் இரு சாட்சிகளுமே. அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்படும்போது உயில் பிறர் பார்வைக்கு வரும் ஆவணமாகிறது. ஆகவே 24 சொற்களை உயிலில் எழுதுவது பெட்டியைத் தெருவில் திறந்து வைப்பதற்கு ஒப்பானது. உயிலில் உரிமை இருக்கலாம், சாவி இருக்கலாகாது. திருவனந்தபுரத் தீர்ப்பு காட்டிய பிரிவினை இங்கேயும் பொருந்துகிறது.

இங்குதான் வரலாறு நம்மைக் கைவிடும் இடம் வருகிறது. தாத்தாவின் பெட்டியை மைசூர்ப் பூட்டுக்காரர் அறுத்தார். பூரியில் நடுவரின் முன்னிலையில் பூட்டை உடைத்தார்கள். வங்கிக் காப்புப் பெட்டகத்தையும் விதிமுறைப்படி சான்றுகளின் முன் உடைத்துத் திறக்கலாம். கணிதப் பூட்டை எந்த நீதிமன்ற ஆணையாலும் உடைக்க முடியாது. மூன்று உறுப்புகளில் மூன்றாவதாகிய உடைக்கும் அதிகாரம், மனித வரலாற்றில் முதன்முறையாக இல்லாமல் போயிருக்கிறது. எனவே அதன் சுமை முழுவதும் இரண்டாவது உறுப்பின் மீது, பதிவேட்டின் மீது, விழுகிறது.

இது வெறும் உவமை அன்று. இரண்டு சாவிகள் கிடைத்தபோது, இனி திறந்துவிடும் என்றே நாங்கள் எண்ணினோம். திறக்கவில்லை. மூன்றில் இரண்டு என்ற பெட்டகத்தை மீண்டும் அமைக்க இரண்டு மறைச்சாவிகளோடு, மூன்றாவதற்குரிய பொதுச்சாவியும் வேண்டும். பெட்டகத்தின் முகவரியே மூன்று பொதுச்சாவிகளும் சேர்ந்து உருவாவது. மூன்றையும் விதியையும் குறித்த விவரத்தாள் இல்லாவிட்டால் இரண்டு சாவிகள் கையில் இருந்தும் பயனில்லை. வெளிநாட்டு நண்பர் தம்மிடம் இருந்த கருவியைக் குடிபெயர்ந்தபோது தொலைத்திருந்தார். பதிவேடு தொலைந்தால் சாவியும் இரும்பே என்பதை அன்று உணர்ந்தேன்.

9

நான்கு மாதங்கள் கழித்து அந்த விவரத்தாள் கிடைத்தது. குண்டலுபேட்டையில் பெரியப்பா நிலப் பத்திரங்களை வைத்திருக்கும் துணிக்கட்டில், பஹணி நகல்களுக்கு நடுவே மடித்து வைக்கப்பட்டிருந்தது. இங்கு நிலவரிப் பதிவைப் பஹணி என்பார்கள். எங்கள் குடும்பத்தில் எது தொலைந்தாலும் அந்தக் கட்டு தொலையாது. வீடு மாறினாலும் முதலில் எடுப்பது அதையே. அண்ணன் இதை நன்கு யோசித்துச் செய்திருக்க வேண்டும். சாவிகளை ஆள்களிடம் கொடுத்தவர், பதிவேட்டை மட்டும் குடும்பத்தின் பழைய பத்திர மரபிடம் கொடுத்திருக்கிறார். அங்கே வைத்திருக்கிறேன் என்ற ஒரு வரியைச் சொல்ல மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

பெட்டி திறந்தது. இருந்தது பெருஞ்செல்வம் அன்று; ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும் தொகை. ஆனால் என்னை உறுத்திய ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. மூன்று சாவிகளில் ஒன்றுகூட அண்ணியின் பெயரில் இல்லை. வீட்டில் இருந்த தாளும் என்னவென்று அவருக்குச் சொல்லப்படவில்லை. தாத்தாவின் பெட்டியிலும் அப்படியே: இரண்டு சாவிகளும் ஆண்களிடம். கர்நாடகத்தில் 1994 முதலும் நாடு முழுவதும் 2005 முதலும் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை உண்டு. சட்டம் பங்கை மாற்றிவிட்டது. சாவிக்கொத்து இன்னும் மாறவில்லை. இருவர் சேர்ந்தால் திறக்கும் பெட்டியில், சாவி ஏந்திய இருவர் நினைத்தால் சாவியில்லாத வாரிசை விட்டுவிட்டுப் பெட்டியைக் காலி செய்ய முடியும். எந்தக் கணிதமும் அதைத் தடுக்காது. யார் கையில் எந்தச் சாவி என்று முடிவு செய்யும்போதே யாரை நம்புகிறோம், யாரை வெளியில் நிறுத்துகிறோம் என்பதையும் முடிவு செய்துவிடுகிறோம்.

இப்போது ஒரு சாவி அண்ணியிடம் இருக்கிறது. ஒன்று அவருடைய தங்கையிடம். மூன்றாவது மீண்டும் என்னிடம். இம்முறை அது எதற்கென்று எனக்குத் தெரியும். உரிமை யாருக்கு என்பதைச் சொல்லும் உயில் தனியே, இரு சாட்சிகளின் கையொப்பத்தோடு இருக்கிறது. விவரத்தாளின் ஒரு படி பஹணிக் கட்டில்; மற்றொரு படி தாத்தாவின் இரும்புப் பெட்டியில், பூட்டை அறுத்த நாளில் எல்லாரும் கையெழுத்திட்ட பழைய பட்டியலுக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை, அண்ணனின் திதியன்று, மூவரும் கூடி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதாக ஏற்பாடு. கருவூலத்தில் பொறுப்பு மாறும்போது இருப்பைச் சரிபார்ப்பதுபோல.

உங்கள் ஊர்க் கோயிலிலோ சங்கத்திலோ குடும்பத்திலோ பல சாவி வழக்கம் இருந்திருந்தால், சாவி ஏந்தியவர் மறைந்தபோது என்ன செய்தார்கள் என்பதை எழுதுங்கள். இவ்வழக்கங்கள் பெரும்பாலும் எழுத்தில் இல்லை. தெரிந்தவர்களோடு அவையும் போய்விடும்.